பழைய ஜீப்பைப் பற்றிய சில பிரமைகள்

ஆம்பூரிலிருந்து ராணிப்பேட்டை வரை பரவியுள்ள நம் தோல் வட்டாரத்தில், பழைய மாருதி ஜிப்சியையோ மஹிந்திரா ஜீப்பையோ வாங்கிப் புதுக்கி, அன்றாடம் தொழிற்சாலைக்கும் கடைவீதிக்கும் ஓட்டிச் செல்ல விரும்பும் அன்பர்கள் பலர் உண்டு. அவ்விருப்பத்தில் பிழை ஏதுமில்லை. ஆயினும் அவர்கள் செலவிடும் பணத்தில் பெரும்பகுதி கண்ணைக் கவரும் அலங்காரங்களுக்கே போய்விட, உயிரைக் காக்கும் உறுப்புகள் வண்டிக்கு அடியில் கவனிப்பாரற்றுக் கிடப்பது மிகுந்த விசாரத்தைத் தருவதால், வழக்கிலுள்ள சில நம்பிக்கைகளை இங்கே பரிசீலிக்க எண்ணுகிறேன்.

ராணுவ ஏலத்தில் எடுத்த ஜிப்சியைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்பது ஒரு நம்பிக்கை. 1985-இல் விற்பனைக்கு வந்த அவ்வண்டியை நம் ராணுவம் பல்லாண்டுகள் ஏராளமாகக் கையாண்டது வாஸ்தவம். எனினும் ஏலத்துக்கு வருவது, உழைத்துத் தேய்ந்தபின் கழிக்கப்பட்ட வண்டியே. ராணுவப் பதிவிலிருந்து தனியார் கைக்கு வந்த வண்டி, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் புதிதாகப் பதிவு பெற்றாக வேண்டும். எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் ஆர்.சி.யோடு ஒத்திருக்கக் கண்டபிறகே விலை பேசுவது உத்தமம்.

வண்டியை உயர்த்திப் பெரிய டயர் மாட்டினால் அதன் பலம் கூடுமென்பது, இளைஞரிடையே வேரூன்றிய மற்றொரு நம்பிக்கை. டயரின் விட்டம் பத்தில் ஒரு பங்கு கூடினால், ஸ்பீடாமீட்டர் 60 என்று காட்டும்போது வண்டி 66 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். அதே தூரத்தில் நிறுத்துவதற்குப் பிரேக் முன்னிலும் அதிகமாகப் பிடித்தாக வேண்டும். கியர்களின் இழுவையோ ஏறக்குறைய அதே அளவுக்குக் குறைந்துவிடுமாதலால், ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் வேளையில் கிளட்ச்சே அந்தப் பாரத்தைச் சுமந்து தேயும். உயரம் கூடக் கூட வளைவுகளில் வண்டி கவிழும் அபாயமும் கூடுகிறது. சேற்றுக்கென்று அகன்ற பள்ளங்களோடு செய்த டயர், தாரில் படியும் ரப்பரின் பரப்புக் குறைவாதலால், மழையில் நனைந்த சாலையில் சாதாரண டயரைப்போல் பற்றுவதில்லை. கம்பெனி குறித்த அளவில் நல்ல சாலை டயர் நான்கு வாங்குவதே அன்றாட ஓட்டத்துக்குப் போதுமானது.

குறிப்பிட்ட வேகத்தில் ஸ்டியரிங் கிடுகிடுவென்று உதறினால் வீல் பேலன்ஸ் செய்தால் தீரும் என்பார்கள். சில வேளைகளில் தீரவும் செய்யும். தீராதபோது, முன் அச்சை ஜாக்கியால் தூக்கி, டயரின் உச்சியையும் அடியையும் இரு கைகளாலும் பற்றி உள்ளும் புறமுமாக ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தென்பட்டால், உடனிருப்பவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடியும் ஆட்டுங்கள்: மிதித்ததும் ஆட்டம் நின்றுவிட்டால் தேய்ந்தது வீல் பேரிங், நிற்காவிட்டால் பெரும்பாலும் கிங்பின் பேரிங். பிறகு இடமும் வலமுமாக ஆட்டினால் டை ராடு முனைகளின் தேய்மானம் வெளிப்படும். இவற்றையும், வெடித்துப்போன புஷ்களையும், பிரேக் ஹோஸ்களையும் மாற்றிய வண்டியில் ஒருமுறை வேலூருக்குப் போய்வந்தவர், அதே பணத்துக்கு மேற்கூரை விளக்குகள் வாங்கியிருக்கலாமே என்று வருந்தமாட்டார்.

ஃபோர் வீல் போட்டுக்கொண்டால் நெடுஞ்சாலையில் பத்திரம் என்ற எண்ணமும் திருத்தத்தக்கது. இவ்வகை வண்டிகளில் அந்த லிவரைப் போட்டவுடன் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றாகப் பூட்டப்படுகின்றன. திருப்பத்தில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட நீண்ட பாதையில் உருள்வதால் உண்டாகும் முறுக்கு, பாலாற்று மணலில் வழுக்கித் தணிந்துவிடும். காய்ந்த தாரில் தணிய இடமின்றிப் பல்சக்கரங்களைத் தாக்கும். வண்டியை நிறுத்துவதிலும் இதனால் ஆதாயமில்லை; பிரேக்கோ எப்போதுமே நான்கு சக்கரங்களையும் பிடிப்பதுதான்.

பாதுகாப்பென்று முன்னால் பொருத்தும் 'புல் பார்' என்ற இரும்புக் கம்பியைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. அது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுக்கு விரோதம் என்று மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்குத் தெரிவித்துவிட்டது. ஷிப்ட் முடிந்து ஆம்பூர் நெடுஞ்சாலையோரம் கூட்டமாக வரும் ஷூ தொழிற்சாலைப் பெண்களை நினைப்பவர் எவரும், வளையாத இரும்பை வண்டியின் முகப்பில் தாங்கிச் செல்லச் சம்மதியார்.

இறுதியாக, நம் ஊருக்கே உரிய ஒரு நம்பிக்கை: எந்தத் தோலையும் சீட்டுக்குப் போர்த்தலாம் என்பது. தோல்மண்டியில் சகாயமாகக் கிடைக்கும் ஷூ மேல்தோல், காலோடு மடங்கி நிமிர்வதற்கென்று பதனிடப்பட்டது. சீட்டுத் தோலோ, வருஷக்கணக்கில் வெயிலும் வியர்வையும் பட்டும், உடையின் உராய்வைத் தாங்கியும் நிறம் விடாதிருக்க வேண்டியது. 40 டிகிரியைத் தாண்டும் வேலூர்ச் சித்திரை வெயிலில், மூடாத ஜீப்பில் அந்த ஷூ மேல்தோல் வெளிறி, வியர்வையில் நனைந்து, வெள்ளை வேட்டியில் சாயம் ஏற்றக்கூடும். வாங்குமுன், நனைத்த வெள்ளைத் துணியால் தோலின் ஒரு மூலையை நன்றாக அழுத்திப் பலமுறை தேய்த்துப் பாருங்கள். துணியில் நிறம் ஏறினால், அந்தத் தோல் எவ்வளவு மலிவாக இருந்தாலும் சீட்டுக்கு வேண்டாம்.