கட்டத்தை நிரப்பு, படித்துப் பார்

சித்தூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அங்கே பத்மாவதி அம்மாள் இருக்கிறார். வயது 62. ஊரில் எல்லோரும் அவரைப் பாப்பம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். போன வருடம்தான் அவர் எழுதப் படிக்கக் கற்றார்.

அவருக்குத் திருமலைக்குப் போக ஆசை. சித்தூரிலிருந்து திருப்பதி சுமார் 70 கிலோமீட்டர். அங்கிருந்து மலை ஏற வேண்டும். திருமலையில் இலவச தரிசனம் உண்டு. 300 ரூபாய் சிறப்பு நுழைவு தரிசனமும் உண்டு. 300 ரூபாய் டிக்கெட்டுக்குத் தேவஸ்தானத்தின் இணையப் பக்கத்தில் முன்பே பதிவு செய்ய வேண்டும்.

பேரன் செல்போனை எடுத்தான். ஆயா பக்கத்தில் உட்கார்ந்தார்.

"முதலில் முகவரியைப் பார்க்கணும் ஆயா. போலிப் பக்கங்களும் இருக்கு. தேவஸ்தானத்தின் முகவரி 'ஏ.பி. டாட் ஜி.ஓ.வி. டாட் இன்' என்று முடியும். ஜி.ஓ.வி. என்றால் அரசு."

பேரன் செல்போன் எண்ணைப் போட்டான். உடனே போனுக்கு ஓர் எண் வந்தது. அதுதான் ஓ.டி.பி.

"இது எதுக்குடா?"

"இந்த போன் நம்முடையதுதானா என்று சோதிக்கிறாங்க ஆயா. வேறு யார் போன் செய்து கேட்டாலும் இதைச் சொல்லக் கூடாது."

பிறகு படிவம் வந்தது. கட்டம் கட்டமாக இருந்தது. பெயர், வயது, ஆணா பெண்ணா, அடையாள அட்டையின் எண் என்று கேட்டது. பக்கத்தைத் தயாரித்தவர்கள் என்னென்ன கேட்க வேண்டும் என்று முன்பே முடிவு செய்து கட்டங்களை வைத்திருக்கிறார்கள். கட்டாயம் நிரப்ப வேண்டிய கட்டத்தைக் காலியாக விட்டால் அடுத்த பக்கம் வராது.

பேரன் வேகமாக நிரப்பினான். "முடிந்தது ஆயா, பணம் கட்டிடலாமா?" என்றான்.

"இரு கண்ணு. நான் ஒரு தடவை பார்க்கிறேன்."

ஆயா ஆதார் அட்டையை எடுத்தார். போனுக்குப் பக்கத்தில் வைத்தார். 12 இலக்கங்களையும் விரல் வைத்துப் படித்தார். எண் சரி. வயதைப் பார்த்தார். 26 என்று இருந்தது!

"டேய், என்னைக் குமரியாக்கிட்டியே! பெயர் என்ன போட்டே?"

"பாப்பம்மா."

"அட்டையில் பத்மாவதி என்றல்லவா இருக்கு?"

பேரன் நாக்கைக் கடித்துக்கொண்டான். இரண்டையும் திருத்தினான். பிறகுதான் பணம் கட்டினார்கள்.

திருமலையில் டிக்கெட்டையும் அசல் அடையாள அட்டையையும் காட்ட வேண்டும். இரண்டிலும் பெயர் வேறு வேறாக இருந்தால் அவ்வளவு தூரம் போயும் வாசலில் சங்கடப்பட வேண்டியிருக்கும்.

கட்டம் காலியாக இருந்தால் கணினி கண்டுபிடிக்கும். எண்ணில் ஓர் இலக்கம் குறைந்தாலும் கண்டுபிடிக்கும். ஆனால் 62க்குப் பதில் 26 என்று போட்டால் அதற்குத் தெரியாது. 26 வயதுக்காரரும் உலகத்தில் உண்டு அல்லவா? உண்மையா பொய்யா என்று பார்ப்பது நம் வேலை. ரேஷன் அட்டை, வங்கிக் கணக்கு, ஓய்வூதியம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

நினைவில் வைப்போம்

1. அட்டையில் உள்ள பெயரையே எழுதுவோம்.
2. பிறர் நிரப்பினாலும் நாம் படித்துப் பார்த்த பிறகே அனுப்பச் சொல்வோம்.
3. ஓ.டி.பி.யை யாருக்கும் சொல்ல மாட்டோம்.
4. இணையத்தில் பணம் ஏமாந்தால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசுவோம்.

செய்து பார்ப்போம்

உங்கள் ஆதார் அட்டையை எடுங்கள். பெயர், பிறந்த தேதி, 12 இலக்க எண் ஆகியவற்றைப் படியுங்கள். உங்கள் மற்ற அட்டைகளிலும் பெயர் இதே போல இருக்கிறதா?