ஃபியட்டை அறுக்குமுன்

கண்ணு,

கொட்டகையில் கோழிக்கூண்டுகளுக்கு நடுவே கிடந்த ஃபியட்டை வாங்கிவிட்டாய் என்று உன் அம்மா சொன்னாள். அதை அந்தக்கால ராலி வண்டி மாதிரி ஆக்கப்போகிறாயாம். முகப்பில் நாலு விளக்கு, கதவில் எண், கறுப்பு பானெட் என்று படம்கூட வரைந்துவிட்டாயாம். சந்தோஷம். நான் வண்டிக்கு அடியில் படுத்தால் தூக்கி நிறுத்த இப்போது இரண்டு ஆள் வேண்டும். அதனால் தெரிந்ததை எழுதி அனுப்புகிறேன். ஸ்பேனர் பிடிக்க மேஸ்திரிகள் சொல்லித் தருவார்கள். நான் சொல்வது பெரும்பாலும் ஸ்பேனரைப் பிடிக்கிற ஆளைப் பற்றி.

1. பழைய வண்டி வாங்கிய முதல் வாரத்திலேயே எல்லோரும் கிரைண்டர் மிஷினைத்தான் எடுப்பார்கள். நீ ஆர்.சி. புத்தகத்தை எடு. அதிலிருக்கும் சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் வண்டியில் பொறித்திருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துப் பார். ஒத்துப்போகாவிட்டால் அந்தச் சிக்கல் தீரும்வரை ஒரு நட்டைக்கூடத் திருகாதே. அடுத்தது சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரித்தவர் கொடுத்த அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்ற விடாது; 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொல்லிவிட்டது. 2021-இல் வந்த விதிப்படி 50 வயது தாண்டிய வண்டியை விண்டேஜ் என்று பதியலாம். கட்டணம் 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும், எண் பலகையில் ‘வி.ஏ.’ என்ற எழுத்து வரும். ஆனால் வண்டி மூல வடிவத்திலேயே இருக்க வேண்டும், தினசரி ஓட்டவும் கூடாது. ஆகவே செய்வதையெல்லாம் போல்ட்டில் செய், கழற்றி எடுக்கும்படி செய். உள்ளே மாட்டும் பாதுகாப்புக் கூண்டும் கூடுதல் விளக்கும் பந்தயத்துக்கு. ரோட்டுக்கு வரும்போது வண்டி வெறும் ஃபியட்டாகவே வரட்டும். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

விதிப் புத்தகம் படிப்பதை இளசுகள் கிண்டல் செய்வார்கள். 1966 மான்டி கார்லோ ராலியில் முதல் மூன்று இடத்தையும் மினி கூப்பர்கள் பிடித்தன. ஹெட்லைட் விதிப்படி டிம் ஆகவில்லை என்று மூன்றையும் தகுதிநீக்கம் செய்து, ஒரு சிட்ரோயனுக்குப் பரிசைக் கொடுத்தார்கள். அது நியாயமா என்று இன்றும் சண்டை நடக்கிறது. பரிசு திரும்பி வரவில்லை.

2. எதன் நகல் என்று முடிவு செய். ‘ராலி வண்டி மாதிரி’ என்று உலகத்தில் ஒரு வண்டி கிடையாது. இந்த வண்டி, இந்த வருடம், இந்தப் பந்தயம் என்றுதான் உண்டு. 1964 மான்டி கார்லோவில் பேடி ஹாப்கிர்க் ஜெயித்த சிவப்பு மினிக்கு, பந்தய எண் 37 போட்டு, ஊர் ஊராக நகல் செய்கிறார்கள். செய்துவிட்டு அழகான மினிலைட் அலாய் சக்கரத்தை மாட்டிவிடுவார்கள். அந்த வருடம் அந்த வண்டி ஓடியது சாதாரண இரும்புச் சக்கரத்தில். மினிலைட் அந்த அணிக்கு வந்ததே சில ஆண்டுகள் கழித்து. எல்லாம் சரியாக இருந்து மாப்பிள்ளை மட்டும் மாறிப்போன கல்யாணப் படம் மாதிரி இருக்கும் அது.

நீ அவ்வளவு தூரம் போக வேண்டாம். சோழவரத்தில் பழைய போர்க்கால விமான ஓடுதளத்தில் ஃபியட்டும் ஹெரால்டும் அம்பாசடரும் மோதிக்கொண்ட காலம் உண்டு. நம்ம கோவைப் பந்தய ஓட்டுநர் கரிவரதன் எல்லாம் வண்டி ஓட்டிய இடம். அந்தக் கால ஆட்கள் வீட்டில் கறுப்பு வெள்ளைப் படங்கள் இருக்கும். நேரில் போய், காபி குடித்து, பொறுமையாகக் கதை கேட்டால் ஆல்பத்தை எடுப்பார்கள். படத்தில் ஓட்டுநரின் முகத்தைப் பார்க்காதே. பம்பர் இருக்கிறதா, விளக்கை எதில் மாட்டியிருக்கிறான், சக்கரத்தில் கப் இருக்கிறதா, இதைப் பார்.

3. துருவைப் பற்றி உன்னையே ஏமாற்றிக்கொள்ளாதே. ஃபியட் 1100-க்குத் தனிச் சேஸிஸ் கிடையாது, உடம்புதான் சேஸிஸ். அதனால் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிப் பட்டை அரித்திருந்தால் முதுகெலும்பு அரித்திருக்கிறது என்று அர்த்தம். ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக்கொண்டு வண்டி முழுக்கத் தடவிக்கொண்டே போ. பிடித்து இழுக்கிற இடம் தகடு. வழுக்கிக்கொண்டு போகிற இடம் பட்டி. முந்தின ஆள் குழைத்து அப்பியது. ஒவ்வொன்றையும் சாக்பீஸால் வட்டம் போடு. பேட்டரி உட்காரும் தட்டு, மிதியடிக்குக் கீழே தரை, டிக்கியின் அடித்தட்டு, கதவின் கீழ் விளிம்பு, இங்கேயெல்லாம் வட்டம் விழாமல் இருக்காது. வட்டங்களைப் பார்த்து மனசு விட்டுப்போனால் போகட்டும், அன்றைக்கு வேலையை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போ. ஆனால் அழிக்காதே.

வெட்டுவதற்கு முன்பு, கதவுச் சந்தின் அளவை மேலே, நடுவே, கீழே எடுத்துச் சுவரில் எழுது. கதவு இருக்கும் வாசலுக்குக் குறுக்கே ஒரு இரும்புக் குழாயைப் பற்றவைத்துத் தாங்கல் கொடுத்துவிட்டுத்தான் பட்டையை அறுக்க வேண்டும். தாங்கல் இல்லாமல் இரண்டு பக்கத்தையும் ஒரே நாளில் அறுத்த ஒருவரை எனக்குத் தெரியும். வண்டி நடுவில் ஒரு விரல் தொங்கிவிட்டது. புதுத் தகடு, நல்ல வெல்டிங், மினுமினுக்கும் பெயின்ட், எல்லாம் இருந்தும் கடைசிவரை அந்த வண்டியின் கதவை இடுப்பால் முட்டித்தான் சாத்தினார். அவர் அவசரக்காரர் இல்லை. ஒரு பெயின்ட்காரர் தேதி கொடுத்திருந்தார், அவ்வளவுதான். அடுத்தவர் கொடுத்த தேதிக்காக உன் வேலையை ஓட்டாதே.

4. கழற்றுவதைப் போட்டோ எடு, பையில் போடு, பையில் எழுது. பம்பரையும் பழைய கியர் லீவரையும் எடைக்குப் போட்டுவிடாதே.

5. பிரேக் முடியும்வரை எஞ்சினைத் தொடாதே. நாலு சக்கரத்திலும் டிரம், ஒரே மாஸ்டர் சிலிண்டர், ஒரே குழாய்வழி. எங்காவது ஒரு இடத்தில் ஆயில் கசிந்தால் பெடல் தரையில் போய் உட்காரும். வீல் சிலிண்டர், ஹோஸ், குழாய் எல்லாவற்றையும் புதிதாகப் போடு. உக்கடத்தில் பழைய சாமான் மலிவாகக் கிடைக்கும். கண்ணாடிக்கும் கைப்பிடிக்கும் அங்கே போ, பிரேக்குக்குப் போகாதே.

எனக்கு மிகவும் பிடித்த லேத்காரர் ஒருவர் இருந்தார். ஒரு பையன் டிரம்மைக் கொண்டுவந்து லேசாகச் சீவிக் கொடுங்கள் என்றான். அவர் உள்விட்டத்தை அளந்தார், திருப்பிப் பிடித்து மறுபடி அளந்தார், விரலால் சுண்டிச் சத்தம் கேட்டார். பிறகு டிரம்மை அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்து, “இதுக்கு மேல சீவினா பேப்பர் ஆயிரும் தம்பி, காசு வேண்டாம், போய் வேற வாங்கு” என்றார். பையன் கோபத்தோடு அடுத்த கடைக்குப் போனான். அங்கே சீவிக் கொடுத்தார்கள். மலை இறங்கும்போது அந்த டிரம் விரிந்தது. பாறையில் உரசி நின்றதால் பிழைத்தான். வேலையை மறுக்கிற தொழிலாளி கிடைத்தால் விட்டுவிடாதே. சொன்ன கூலியைச் சொன்ன நாளில் கொடு. அவன் வேலை செய்யும்போது பக்கத்தில் நில், ஆனால் வாயைத் திறக்காதே. கூலியில் அடித்துப் பேசி மிச்சம் பிடித்த நூறு ரூபாய்க்கு, அவன் வெல்டிங்கில் ஒரு அங்குலம் மிச்சம் பிடிப்பான்.

6. எஞ்சின் 1089 சி.சி., நாற்பது சொச்சம் குதிரைசக்தி. அது போதவில்லை என்று உன் நண்பர்கள் வேறு எஞ்சின் தூக்கி வைக்கச் சொல்வார்கள். சொல்லட்டும். 1965 கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரி ராலியை வென்றவர் கென்யாவின் ஜோகிந்தர் சிங். பக்கத்து சீட்டில் அவருடைய சகோதரர் ஜஸ்வந்த். வண்டி வால்வோ பி.வி. 544. புது வண்டி இல்லை; முந்தின வருட சஃபாரியில் கம்பெனி அணி ஓட்டிவிட்டுப் போன பழசு. ஜோகிந்தர் அடிப்படையில் மெக்கானிக். சேற்றிலும் புழுதியிலும் அந்தப் பந்தயத்தில் பாதி வண்டிகள்கூட ஊர் திரும்பாது. வேகமான வண்டிகள் வழியில் நின்றன, இவர்களுடையது வந்து சேர்ந்தது. ராலிக்கு இதற்குமேல் இலக்கணம் எனக்குத் தெரியாது.

ஆகவே உன் பணத்தை ரேடியேட்டரைச் சுத்தம் செய்வதிலும், வாட்டர் பம்பிலும், எஞ்சின் மவுண்டிங்கிலும், அடியில் ஒரு நல்ல சம்ப் கார்டிலும் போடு. ஹெட் போல்ட்டுகளை டார்க் ரெஞ்சால் நடுவிலிருந்து வெளியே, சுற்றுச் சுற்றாக இறுக்கு. கை அனுபவம் போதும் என்கிறவரிடம் ஹெட்டைக் கொடுக்காதே, அது நானாகவே இருந்தாலும்.

7. நாலு விளக்கு கேட்கிறாய். ஒன்று 55 வாட் என்றால் நாலும் சேர்ந்து 220 வாட். 12 வோல்ட்டில் 18 ஆம்பியருக்கு மேல். ஹெட்லைட்டும் வைப்பரும் தனி. பழைய ஃபியட்டின் டைனமோ இவ்வளவையும் தாங்காது. ஐடிலில் விளக்கு மங்கிப்போய் பேட்டரியைத் தின்னும். ஆல்டர்னேட்டர் போடு, விளக்குக்குத் தனி ரிலே, தனி ஃபியூஸ் வை. டேஷ்போர்டு சுவிட்ச் வழியாக நேரே கரண்ட் இழுத்தால் ஒயர் உருகுகிற வாசனை முதலில் உனக்குத்தான் வரும். தீயணைப்பான் ஒன்றை உட்கார்ந்தபடியே கைக்கு எட்டும் இடத்தில் மாட்டு.

8. உனக்கு நேவிகேட்டர் யார்? வண்டிக்கு முன்பே அந்த ஆளைத் தேடு. நம் ஊரில் விண்டேஜ் வண்டிக்காரர்கள் அதிகம் ஓடுவது நேரம், வேகம், தூரம் கணக்குப் பார்க்கிற ராலி. கட்டுப்பாட்டு இடத்துக்குச் சீக்கிரம் போய்ச் சேர்ந்தாலும் அபராதம். ஸ்வீடனின் ஹால்டா கம்பெனி இதற்கென்றே தூரம் காட்டும் மீட்டர் செய்தது; பழைய ராலி வண்டிப் படங்களில் டேஷ்போர்டில் அதைப் பார்க்கலாம். கோபம் வந்தாலும் கணக்குத் தப்பாத ஆள் வேண்டும். தோழமை மட்டும் பார்த்து ஏற்றிக்கொண்டால் திருப்பூர் தாண்டுவதற்குள் தோழமையும் போகும், வழியும் போகும்.

9. வீட்டுச் செலவுப் பணத்தை வண்டியில் போடாதே. போட்டால் உன் அம்மாவிடம் உடனே சொல்லிவிடு. மெக்கானிக் வாயால் அவளுக்குத் தெரியக் கூடாது.

10. வண்டி முடிந்ததும் கூட்டம் கூடும். “இது ஒரிஜினலா?” என்று முதல் ஆள் கேட்பான். அந்தக் கேள்விக்கு இப்போதே பதில் சொல்லிப் பழகு: “இல்லைங்க, நகல்.” கதவில் ஒரு பழைய ஓட்டுநரின் பெயரை எழுதுவதாக இருந்தால் அவரையோ குடும்பத்தையோ கேட்டுவிட்டு எழுது. விற்கிற நாள் வந்தாலும், எது உன் கைவேலை, எது பழசு என்று ஒரு நோட்டில் எழுதி, வாங்குகிறவனிடம் கொடு. நகல் என்று தெரியாமல் வாங்கியவன், வேறு ஒருவன் சொல்லித் தெரிந்துகொள்கிற நாளில் நிற்கிற நிற்பை நான் பார்த்திருக்கிறேன். பணம் போன வருத்தமாக அது தெரியவில்லை. வண்டியைத் தொடவே கூச்சப்பட்டான்.

11. முதல் ஓட்டம் செட்டிபாளையம் வரை போதும். திரும்பி வந்ததும் சக்கர நட்டுகளை மறுபடி இறுக்கு. எண்ணெய் எங்கே சொட்டுகிறது என்று அடியில் பழைய செய்தித்தாள் விரித்துப் பார். ஒரு மாதம் இப்படி ஓடட்டும். வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகள் அதற்கப்புறம். அன்றைக்கு என்னைக் கூப்பிடு, முன் சீட்டில் உட்கார்ந்து வருகிறேன். பின் சீட்டை எடை குறைக்கக் கழற்றிவிட்டாயாமே. அப்படியானால் நான் எங்கே உட்காருவது என்று உன் அத்தை கேட்கிறாள். அதற்கு நீயே பதில் சொல்.

அன்புடன்,
மாமா