பேண்டு வண்டி ஏறுமுன்

சின்னசேலத்திலிருந்து சேலம் 80 கிலோமீட்டருக்கு மேல். தலைவாசல், ஆத்தூர், வாழப்பாடி, அயோத்தியாப்பட்டணம் என்று நெடுஞ்சாலை நேராகக் கொண்டுபோய் விட்டுவிடும். தனியாளாகப் பஸ்ஸில் போகிறவருக்கு அது ஒரு தூரமே இல்லை. யூபோனியம், பெரிய டிரம், சைடு டிரம், ட்ரம்பெட் பெட்டிகள், கூடவே பள்ளிப் பிள்ளைகள் என்று ஏற்றிக்கொண்டு போட்டிக்குக் கிளம்பினால், அதே வழி வாசிக்கிற தெம்பில் பாதியைத் தின்றுவிடும். பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுக்கும் மாஸ்டர்கள் பலர் இருக்கிறார்கள். வாத்தியத்தோடு பயணம் போகக் கற்றுக்கொடுக்கத்தான் ஆள் குறைவு. புதிதாகப் பேண்டு தொடங்கும் பள்ளிகளுக்கு உதவும் என்று இதை எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்துக் கல்யாணப் பேண்டு செட்டில் சிம்பல் தட்டித்தான் நான் இந்தத் தொழிலுக்குள் வந்தேன். முகூர்த்தம் நெருக்கமாக விழும் தை, வைகாசி மாதங்களில் ராத்திரி ஓர் ஊரில் மாப்பிள்ளை அழைப்பு வாசித்துவிட்டு, விடிவதற்குள் செட்டு வேறோர் ஊரில் நிற்கும். சாவு வீட்டுக்கும் அதே ஆட்கள்தான். மினி லாரியின் பின்னால் உட்கார்ந்தபடி தூங்கி, இறங்கியதும் சட்டை மாற்றி, முதல் ஊதலிலேயே சுருதி சேர்த்துவிடுவார்கள். இவர்களைக் கூப்பிட்டு யோசனை கேட்கும் பள்ளி ஒன்றையும் நான் பார்த்ததில்லை. கேட்க வேண்டும். நான் சொல்லிக்கொடுக்கும் பள்ளிக் குழுவோடு சேலத்தில் நடந்த பேண்டு போட்டிக்குப் போனபோது எங்கள் பழைய செட்டில் யூபோனியம் வாசித்த பெரியவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போனேன். அன்று எங்களைக் கரை சேர்த்ததில் பெரிய பங்கு அவருடையது.

முதலில் பாட்டு. பிள்ளைகள் சினிமாப் பாட்டுத்தான் கேட்பார்கள், ஒன்று இருக்கட்டும். ஆனால் கமகம் நிறைந்த மெட்டை மூன்று வால்வு ட்ரம்பெட்டில் வாசிக்க வைத்தால், படித்துக்கொண்டிருக்கும் பிள்ளை திணறிப்போகும். நாங்கள் முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்களுக்குப் போனோம். தீட்சிதர் (1775–1835) இளமையில் மணலியில் இருந்த காலத்தில் ஆங்கிலேயரின் பேண்டு இசையைக் கேட்டு, அந்த மெட்டுகளுக்குச் சமஸ்கிருத சாகித்தியம் செய்தவை அவை. ‘சந்ததம் பாஹிமாம்’ ஆங்கிலேயர்களின் தேசிய கீத மெட்டிலேயே அமைந்தது. எல்லாம் சங்கராபரண ஸ்வரங்கள், நேராக நிற்பவை. அதே காலத்தில் தஞ்சையில் இரண்டாம் சரபோஜி (ஆட்சி 1798–1832) அரண்மனையில் மேற்கத்தியப் பேண்டு வைத்திருந்தார். ட்ரம்பெட்டும் கிளாரினெட்டும் நமக்கு ஒட்டாதவை என்று யாராவது சொன்னால், இருநூறு வருஷமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பிள்ளைகள் தைரியமாகப் பதில் சொல்லலாம்.

விதிமுறைகளை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். குடியரசு தினத்தையொட்டிப் பாதுகாப்பு அமைச்சகமும் கல்வி அமைச்சகமும் சேர்ந்து நடத்தும் தேசிய பள்ளி பேண்டு போட்டியில் பிராஸ் பேண்டு தனி, பைப் பேண்டு தனி. அதிலும் மாணவர் தனி, மாணவியர் தனி. எங்களுடையது இருபாலரும் கலந்த குழு. சேலத்தில் கலந்த குழுவுக்கு இடம் உண்டா, கிளாரினெட் சேர்க்கலாமா, மேடையேறி இறங்க எவ்வளவு நேரம் என்று முன்கூட்டியே கேட்டுவிட்டோம். பெண் பிள்ளைகள் வருவதால் ஆசிரியை ஒருவர் கூட வந்தார். பெற்றோர் கையெழுத்து இல்லாமல் யாரையும் வண்டியில் ஏற்றவில்லை. குழுவில் வெள்ளிமலைப் பக்கத்துப் பிள்ளைகளும் உண்டு. கல்வராயன் மலையிலிருந்து விடிகாலைக்குள் கச்சிராயபாளையம் இறங்கி வந்து சேர்வது நடக்காத காரியம் என்பதால், முந்தின நாளே வரவழைத்துப் பள்ளியிலேயே தங்க வைத்தோம்.

வேனில் ஏற்றுவது ஒரு தனி வேலை. பெரிய டிரம்மைத் தோல் கீழே படும்படி படுக்க வைத்து, அதன்மேல் பை அடுக்குவதைப் பல பள்ளிகளில் பார்க்கிறேன். அது நிமிர்ந்தே நிற்க வேண்டும், மேலே எதுவும் இருக்கக் கூடாது. யூபோனியத்தின் வாயைத் தரையில் ஊன்றி வைத்தால் ஒவ்வொரு வேகத்தடைக்கும் ஒரு நசுக்கு விழும். போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொள்வதே மேல். மவுத்பீஸைக் கழற்றாமல் வண்டி ஏறக் கூடாது. குலுக்கலில் அது குழாய்க்குள் இறுகி உட்கார்ந்துவிடும். யாராவது கட்டிங் பிளேயரைக் கொண்டு திருகினால் ஈயப்பற்றே பிய்ந்துவிடும். எங்கள் பெரியவர் சொல்லி, ஒவ்வொரு பிள்ளையும் மவுத்பீஸைச் சுருக்குப்பையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டது.

தலைவாசலில் டயர் பஞ்சர். காய்கறி மார்க்கெட்டுக்கு வண்டிகள் வந்து குவியும் நேரம். டிரைவர் ஸ்டெப்னி மாட்டுவதற்குள் சுமை தூக்கும் தொழிலாளர்கள் சூழ்ந்துகொண்டு, “ஒரு பாட்டு ஊதுங்கப்பா” என்றார்கள். பிள்ளைகளுக்கும் கை பரபரத்தது. ட்ரம்பெட்காரர்களை நான் ஊத விடவில்லை. உதடும் தசைதான், காலையில் ரோட்டோரத்தில் வீறாப்பாக ஊதினால், மேடையில் மேல் ஸ்தாயி வேண்டும்போது பிளிறும். டிரம்காரர்கள் மட்டும் வாசித்தார்கள். தக்காளிக் கூடையைத் தலையிலிருந்து இறக்காமலே ஒருவர் நாலு அடி ஆடினார். வண்டியில் அதுவரை பேசாமல் வந்த மலைப்பிள்ளைகள் அதன்பிறகுதான் சிரிக்கத் தொடங்கினார்கள். மேடை பயத்துக்கு நான் கொடுத்த எந்தப் பயிற்சியும் அந்த அளவுக்கு வேலை செய்யவில்லை.

சாப்பாட்டில் கண்டிப்பாக இருங்கள். காலையில் இட்லி போதும், பரோட்டா வேண்டாம். வறுகடலை, மிட்டாய், கலர் எதுவும் வாசித்து முடிக்கும்வரை கூடாது. இனிப்புக் கலந்த எச்சில் வால்வுக்குள் இறங்கினால் பிசின்போல ஒட்டிக்கொண்டு வால்வு மேலே எழாது. வால்வுக்குத் தேங்காய் எண்ணெய் விடுகிற பழக்கமும் நம் ஊர்களில் இருக்கிறது. அன்றைக்கு ஓடும், நாள்பட்டால் கெட்டியாகி அடைத்துக்கொள்ளும். வால்வு ஆயிலை வாங்கி ஒரு குப்பி பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

போட்டி அரங்கில் இறங்கியதும் ஒரு ட்ரம்பெட் ஊமையாகிவிட்டது. பையன் கன்னம் புடைக்க ஊதுகிறான், காற்றே போகவில்லை. முகம் வெளுத்துவிட்டது. ராத்திரி ஆசையாசையாக வால்வுகளைக் கழற்றித் துடைத்து எண்ணெய் விட்டவன், ஒன்றையும் மூன்றையும் இடம் மாற்றிப் போட்டிருக்கிறான். ஒவ்வொரு வால்விலும் 1, 2, 3 என்று எண் வெட்டியிருக்கும். அந்தந்த எண்ணை அதனதன் கூட்டில் இறக்கி, மெதுவாகத் திருப்பினால் ‘டிக்’ என்று உட்காரும். அவ்வளவுதான் வேலை. தெரியாதவர்கள் வாத்தியமே போயிற்று என்று ஒதுக்கி வைத்துவிடுவார்கள். வாத்தியத்தைப் பிரித்துப் பூட்டுவதை வாசிப்புப் பாடத்தோடே சேர்த்துக் கற்றுக்கொடுப்பது நல்லது.

அடுத்து யூபோனியம். எச்சில் தண்ணீரை வெளியே விடும் சாவியின் ஸ்பிரிங் முறிந்துவிட்டது. அந்த ஓட்டை மூடாவிட்டால் ஒரு ஸ்வரமும் நிற்காது. பெரியவர் பதறவில்லை. “தம்பி, இட்லிப் பொட்டலத்து ரப்பர் பேண்டு இருக்கா பாரு” என்றார். குழாயைச் சுற்றி இரண்டு சுற்று, சாவியின் முனையில் ஒரு மாட்டு. தட்டினால் திறந்தது, விட்டால் மூடியது. “எத்தனை கல்யாணம் இதுலயே ஓடியிருக்குண்ணே?” என்று கேட்டேன். “கணக்கு வெச்சா பொழப்ப பாக்க முடியுமாடா” என்றார்.

வெளியே வெயில் கொளுத்த, அரங்குக்குள் ஏசி ஓடியது. காற்றின் வெப்பம் 10 டிகிரி மாறினால் ஒலியின் வேகம் வினாடிக்கு சுமார் 6 மீட்டர் மாறும். வெப்பம் கூடினால் ஊதுகருவியின் சுருதி ஏறும், குறைந்தால் இறங்கும். முற்றத்தில் அழகாகச் சேர்த்த சுருதி குளிர்ந்த மேடையில் நிற்காது. அதனால் உள்ளே போகும்வரை வாத்தியத்தைக் கையில் அணைத்து, ஊதாமல் வெறும் மூச்சுக்காற்றை விட்டுக்கொண்டே இருக்கச் சொன்னோம். மேடையில் ஒரே ஒரு நீண்ட ஸ்வரம், தேவையானவர் மட்டும் ஸ்லைடைச் சரிசெய்வது. வெளியே சரிபார்த்ததை நம்பி நேரே பாட்டுக்குள் போய்விட வேண்டாம்.

எங்களுக்கு முன்னால் வாசிக்க வேண்டிய குழு வந்து சேராததால், குறித்த நேரத்துக்கு முன்பே கூப்பிட்டுவிட்டார்கள். ஒரு மணி நேரம் முன்னதாகவே சீருடையும் ஷூவும் மாட்டி உட்கார வைத்திருந்ததால் தப்பினோம். மூன்றாம் இடம் கிடைத்தது. கோப்பையைவிட நடுவரின் குறிப்புத்தான் எனக்குப் பெரிதாகப் பட்டது, கேட்டு வாங்கினேன். கடைசிப் பகுதியில் காலம் ஓடிவிட்டது, சைடு டிரம் பெரிய டிரம்மைக் கேட்கவில்லை என்று எழுதியிருந்தார். உண்மைதான். நடுவர் என்றதும் இன்னொரு யோசனை. இங்கிலாந்தில் 1853-இல் மான்செஸ்டர் பெல் வியூவில் தொடங்கிய பிராஸ் பேண்டுப் போட்டி மரபில், யார் வாசிக்கிறார்கள் என்று தெரியாதபடி நடுவர்களைக் கூடாரத்துக்குள் உட்கார வைப்பார்கள். நம் ஊர்ப் போட்டிகளிலும் அப்படிச் செய்யலாம். பளபளக்கும் சீருடை வாங்க முடியாத பள்ளிகளுக்கு அது ஒரு நியாயம்.

திரும்பும்போது வாத்தியத்தைத் துடைக்காமல் பெட்டியில் போடாதீர்கள். களைப்பில் எல்லோரும் விட்டுவிடுவது இதைத்தான். தண்ணீரை இறக்கி, வியர்வைக் கைத்தடத்தைத் துணியால் துடைத்து, மவுத்பீஸைக் கழுவி மறுபடி சுருக்குப்பையில் போட வைத்தோம். வாழப்பாடி தாண்டும்போது தூறல் பிடித்தது, கையோடு கொண்டுபோன தார்ப்பாய் வேலைக்கு வந்தது. இருட்டியபின் மலைக்கு யாரையும் அனுப்பவில்லை. அந்தப் பிள்ளைகள் இன்னொரு ராத்திரி பள்ளியிலேயே படுத்து, காலையில் வீட்டுக்குப் போனார்கள்.

அடுத்த முறை ரயிலில் போகலாமா என்று பார்க்கிறோம். விருத்தாசலம்–சேலம் பாதையில் சின்னசேலத்துக்கே ஸ்டேஷன் இருக்கிறது, பஞ்சர் பயமில்லை. 1860-இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸ் போட்டியை நடத்திய எண்டர்பி ஜாக்சன், பேண்டுகளையும் கூட்டத்தையும் கொண்டுவரச் சிறப்பு ரயில்களையே ஏற்பாடு செய்தாராம். எங்களுக்கு அவ்வளவு வேண்டாம். பெரிய டிரம் ரயில் பெட்டியின் வாசலில் நுழையுமா என்று முதலில் அளந்து பார்க்க வேண்டும். அளவு நாடாவோடு போகப் பெரியவரே கிளம்பியிருக்கிறார்.