உளுந்து மஞ்சளாகுதா? உரம் போடும் முன் இலையைப் பாருங்க!

பீங்கான் பொம்மைகளுக்குப் பெயர் போன விருத்தாசலத்தைச் சுற்றி உளுந்தும் மணிலாவும் நிறைய விளைகின்றன. உளுந்துச் செடி மஞ்சளானதும், "சத்து பத்தல, யூரியா போடு" என்று சொல்வது வழக்கம். ஆனால் அது மஞ்சள் தேமல் நோயாக இருந்தால் உரச்செலவு வீண். அதற்குள் நோயும் பரவிவிடும்.

இந்நோய்க்குக் காரணம் ஒரு வைரஸ். சாதாரண நுண்ணோக்கியில்கூட இது தெரியாது. 1892-ல் ரஷ்யாவில் இவானோவ்ஸ்கி, தேமல் கண்ட புகையிலைச் சாற்றை பாக்டீரியா புக முடியாத வடிகட்டியில் வடிகட்டினார். அப்போதும் அந்தச் சாறு நோயைப் பரப்பியது. வைரஸ் ஆய்வு தொடங்கியது இப்படித்தான். இன்று ஆய்வகத்தில் பி.சி.ஆர். சோதனை மூலம் இலையிலுள்ள வைரஸின் மரபணுவைப் பல மடங்கு பெருக்கிக் கண்டுபிடிக்கிறார்கள்.

வயலில் எப்படிக் கண்டுபிடிப்பது?

1. தழைச்சத்துக் குறைவு: அடி இலைகள் முதலில் சீராக வெளுக்கும்.

2. இரும்புச்சத்துக் குறைவு: இளம் இலை மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையாக இருக்கும்.

3. மஞ்சள் தேமல்: இளம் இலையில் பளிச்சென்ற மஞ்சள் புள்ளிகள் தோன்றி, பச்சையும் மஞ்சளும் கலந்த திட்டுகளாகும். முதலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில செடிகளில் மட்டும் தெரியும். இலையைத் திருப்பினால் வெள்ளை ஈக்கள் இருக்கலாம். நோயைச் செடிக்குச் செடி கொண்டு போவது அவைதான்.

வைரஸ் புகுந்த செடியைக் குணப்படுத்த மருந்து கிடையாது. ஆரம்பத்திலேயே நோய்ச் செடிகளைப் பிடுங்கி அழியுங்கள். மஞ்சள் ஒட்டும் பொறி வைத்து வெள்ளை ஈயைக் கவனியுங்கள். அடுத்த பட்டத்துக்கு, வம்பன் 8 போன்ற எதிர்ப்புத் திறனுள்ள ரகத்தைக் கேட்டு வாங்குங்கள்.

சந்தேகமா? கைபேசியில் இலையின் மேல்பக்கம், அடிப்பக்கம், முழுச்செடி, வயல் என நான்கு படம் எடுங்கள். 'உழவன்' செயலியில் உங்கள் ஊருக்கு உதவி வேளாண்மை அலுவலர் வரும் நாளைப் பார்த்து, அவரிடம் காட்டுங்கள். விருத்தாசலத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்துக்குச் செடியுடன் நேரிலும் போகலாம். கிசான் அழைப்பு மையத்தின் கட்டணமில்லா எண் 1800-180-1551, தமிழிலேயே பேசலாம்.

கடைக்குப் போகும் முன் ஒரு இலையைத் திருப்பிப் பாருங்க. அதற்கு அஞ்சு நிமிஷம் போதும்!