மலை இறக்கத்தில் குதிரை: ஏறி வருவதா, நடத்தி வருவதா?

சாலை எட்டாத மலைக் கிராமங்களில் இன்றும் குதிரைதான் வண்டி. திண்டுக்கல் மாவட்டத்தின் சிறுமலை, கொடைக்கானல் மலைப் பகுதிகளில் விளைபொருட்களைச் சுமக்கக் குதிரைகள் பயன்படுகின்றன. பொதி இருந்தால் விவசாயி உடன் நடக்கிறார். முதுகு காலியாக இருந்தால் சிலர் ஏறிக்கொள்கிறார்கள். "இறக்கம்தானே, குதிரைக்கு என்ன சிரமம்?" என்பது அவர்கள் எண்ணம். இது சரியன்று. ஏற்றம் மூச்சை வாங்கும். இறக்கம் காலை வாங்கும்.

காரணம் என்ன?

சமதரையில் நிற்கும்போதே குதிரையின் எடையில் சுமார் 60 சதவீதம் முன்னங்கால்களில் விழுகிறது. இறக்கத்தில் இது மேலும் கூடும். குதிரைக்குக் காறை எலும்பு கிடையாது. முன்னங்கால்கள் உடலோடு தசைகளால் மட்டுமே இணைந்துள்ளன. ஆள் ஏறினால் சேணமும் முன்னே சரிந்து தோளை அழுத்தும். கால் நரம்பு என்று நாம் சொல்லும் தசைநாண் அறுந்தால் ஆற மாதக்கணக்கில் ஆகும். அந்தப் பருவத்து விளைச்சலைக் கீழே கொண்டுவர வேறு வழி தேட நேரிடும்.

எவ்வளவு பாரம்?

சேணத்தையும் சேர்த்து, சவாரி பாரம் குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாதிருப்பது நல்லது. 250 கிலோ எடையுள்ள மட்டக்குதிரைக்கு இது 50 கிலோதான். வளர்ந்த ஆள் பெரும்பாலும் இதைவிட அதிக எடை இருப்பார். பொதியைப் பொறுத்தவரை, மட்டக்குதிரைக்கு 70 கிலோவே உச்ச வரம்பு என 1965-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. செங்குத்தான பாதையில் இதிலும் குறைப்பது நலம்.

நடத்தி வரும் முறை

1. இறக்கம் தொடங்குமுன் வயிற்றுவாரைச் சரிபார்க்கவும். சேணம் முன்னே நழுவாதிருக்க வால்வார் கட்டவும்.

2. பாதை அகலமாக இருந்தால், பள்ளத்தின் பக்கம் நடக்காமல், மலையை ஒட்டிய பக்கத்தில் குதிரையின் தோளருகே நடக்கவும். ஒற்றையடிப் பாதையில் கயிற்றை நீளமாக விட்டு, சில அடி இடைவெளியில் முன்னே செல்லவும். குதிரை வழுக்கினால் விலக இடம் வேண்டும்.

3. கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது.

4. தலையை இழுத்துப் பிடிக்காதீர்கள். தரையைப் பார்த்துக் கால் வைக்கக் குதிரைக்குக் கழுத்து தாழ வேண்டும்.

5. அவசரப்படுத்தாதீர்கள். வளைவுகளில் சற்று நிறுத்தி இளைப்பாற விடவும்.

சரிவு குறைந்த, கல் இல்லாத இடங்களில், பாரம் அளவோடு இருந்தால், ஏறி வருவதில் தவறில்லை. அப்போதும் நிமிர்ந்து உட்கார்ந்து, கடிவாளத்தைத் தளரவிட வேண்டும்.

வீடு வந்தபின்

முன்னங்கால்களைக் கையால் தடவிப் பாருங்கள். ஒரு காலில் மட்டும் சூடோ வீக்கமோ தெரிந்தால், அல்லது குதிரை நொண்டினால், வேலைக்கு விடாமல் கால்நடை மருத்துவரிடம் காட்டவும். 6 முதல் 8 வாரங்களுக்கு ஒருமுறை குளம்பைச் சீவி லாடத்தைக் கவனிக்க வேண்டும். தேய்ந்த லாடம் பாறையில் வழுக்கும்.

செங்குத்தான இடத்தில் இறங்கி நடப்பதால் உங்களுக்கு ஆவது சிறிது கால்வலிதான். குதிரையின் கால் பிழைத்தால் குடும்பத்தின் பிழைப்பும் பிழைக்கும்.