கிரகப்பிரவேசத்துக்கு மறுநாள்

சிரஞ்சீவி மருமானுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அடுத்த மனையில் வீடு கட்டிக்கொண்டிருந்த தம்பதிகள் ஆவணி முகூர்த்தத்தில் கிரகப்பிரவேசம் வைத்திருப்பதாகவும், அவர்களுக்கு என்ன வாங்கிக்கொண்டு போவது என்று தோன்றாமல் கடைத்தெருவில் சுற்றிவிட்டு வெறுங்கையோடு திரும்பியதாகவும் எழுதியிருக்கிறாய். உத்தியோகத்தில் சேர்ந்த முதல் வருஷத்திலேயே அண்டை வீட்டாருக்குச் செய்ய வேண்டிய மரியாதையைப் பற்றி இவ்வளவு யோசிக்கிறாயே, அதில் எனக்குப் பரம திருப்தி.

வாசலில் மாவிலைத் தோரணமும், உள்ளே ஹோமப் புகையும், கூடத்தில் கன்றோடு நிற்கும் பசுவுமாக இருக்கிற அந்த விடியற்காலையில் எந்தப் பரிசும் அழகாகத்தான் தோன்றும்; ஆகையால் அந்த வேளையை மனத்தில் வைத்துப் பரிசை நிர்ணயிக்காதே. பந்தல்காரர் கம்புகளை அவிழ்த்துக்கொண்டு போய், உறவினரெல்லாம் பஸ் ஏறிய பிறகு, பெட்டிகளுக்கும் மூட்டைகளுக்கும் நடுவே அந்த வீட்டு அம்மாள் காபிப் பொடி டப்பாவைத் தேடிக்கொண்டிருக்கிற மறுநாள் காலையை எண்ணிப் பார். அந்த நாளுக்கும், அதற்குப் பின் வரப்போகும் சாதாரண நாட்களுக்கும் எது உபயோகப்படுமோ அதுவே வாங்கத்தக்கது.

இப்படிப் பார்த்தால் சுவர்க்கடிகாரம் முதலிலேயே கழிந்துவிடும். ஒரு வீட்டுப் பரணில் பிரிக்காத கடிகாரப் பெட்டிகளை வரிசையாகப் பார்த்திருக்கிறேன். தெய்வப் படங்களை அவரவர் இஷ்டதெய்வம் தெரியாமல் வாங்குவது உசிதமன்று. எவர்சில்வர் பாத்திரம் நல்லதுதான். ஆனால் கொடுத்தவர் பெயரை விளிம்பில் கொட்டை எழுத்தில் வெட்டித் தரும் வழக்கம் எனக்குச் சம்மதமில்லை. பாயசம் குடிக்கிறவன் ஒவ்வொரு தடவையும் நம் பெயரை வாசிக்க வேண்டும் என்பது என்ன நியாயம்? ரொக்கமோ, கடன் வாங்கி வீடு கட்டியவருக்குப் பெரிய ஒத்தாசை என்பது உண்மை. எனினும் மொய் நோட்டில் ஏறுகிற தொகை திருப்பிச் செய்ய வேண்டிய பாக்கியாகிவிடுவதால், அதை நெருங்கிய பந்துக்களுக்கு விட்டுவிடுவதே நலம்.

குத்துவிளக்கு வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். அநேகமாகப் பெண்ணின் பிறந்த வீட்டுச் சீரிலேயே அது வந்துவிடும். அப்படி வரவில்லை என்று நிச்சயமாகத் தெரிந்தால், கும்பகோணத்தை அடுத்த நாச்சியார்கோயில் வார்ப்பைத் தேடி வாங்கு. காவேரிக் கரை வண்டல் மணலில் அச்செடுத்து, பீடம், தண்டு, எண்ணெய் விடும் தட்டு, உச்சி என்று தனித்தனியே வார்த்து, கடைந்து, திருகிப் பொருத்துகிற வேலை அது. கடையிலேயே திருகுகளைக் கழற்றி மாட்டிப் பார். சமதரையில் வைத்து ஆடுகிறதா என்றும் பார்த்துவிடு.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், கல்சட்டி வாங்கு என்பேன். மாக்கல்லைக் குடைந்து செய்கிற இந்தப் பாத்திரத்தில் புளி ஊற்றினாலும் களிம்பு ஏறாது. அடுப்பிலிருந்து இறக்கிய பின்னும் வற்றல்குழம்பு சற்று நேரம் தளதளவென்று கொதித்துக்கொண்டே இருக்கும். ஆனால் புதுச் சட்டியை அப்படியே நெருப்பில் ஏற்றினால் விரிசல் விட்டுவிடும் என்று அஞ்சி, ஆசையோடு வாங்கியவர்கள் கூட அதை அலமாரியிலேயே வைத்துவிடுகிறார்கள். அந்தச் சிரமத்தை நீ ஏற்றுக்கொள். விளக்கெண்ணெயில் மஞ்சளைக் குழைத்து உள்ளும் புறமும் தடவி ஓரிரு நாள் ஊறவிட்டு, கழுவி, பிறகு தினந்தோறும் சாதம் வடித்த சூடான கஞ்சியை ஊற்றி ஆறவிட்டுக் கொட்டு. சாம்பல் நிறம் மெல்லக் கறுத்து வரும். அப்புறம் அடுப்பைச் சிறிதாக எரியவிட்டு வெந்நீர் வைத்துப் பழக்கு. இவ்விதம் பழக்கிய சட்டியை நீ கொண்டுபோய்க் கொடுத்தால், அந்த அம்மாள் மறுநாளே அதில் கீரை மசிக்கலாம். விலை அதிகமில்லை என்று கூச்சப்பட வேண்டாம். உன் உழைப்பும் அதில் சேர்ந்திருக்கிறது.

செடி கொடுக்க விரும்பினால் கறிவேப்பிலைக் கன்று உத்தமம். முதலில் மண் இருக்கிறதா என்று பார்த்துக்கொள். புது வீட்டுக் கொல்லையில் சிமென்டும் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்து கிடக்குமாதலால், அப்படியே நட்ட கன்று இலை வெளுத்து நின்றுவிடும். இரண்டடிக் குழி தோண்டி, செம்மண்ணும் தொழுவுரமும் இட்டு நட்டுக் கொடுப்பதுதான் பூரணமான பரிசு.

இவையெல்லாவற்றோடும் ஒரு தாளில் சில விஷயங்களை எழுதிக் கொண்டுபோ. குழாயில் தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது, பால்காரர் எந்நேரம் வருவார், மின்சாரம் நின்றால் யாரைக் கூப்பிடுவது, இரவில் திறந்திருக்கும் மருந்துக்கடை எது, நம்பிக்கையான குழாய் மேஸ்திரி யார் என்பவை அந்தத் தெருவில் குடியிருக்கும் உனக்கு அற்பமாகத் தோன்றலாம். புதிதாகக் குடிவந்தவர்களோ இவற்றை ஒவ்வொன்றாக அவஸ்தைப்பட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும். மறுநாள் காலை டிபன் உன் வீட்டிலிருந்து வரும் என்றும் முன்கூட்டியே சொல்லிவிடு.

முகூர்த்தத்துக்கு இன்னும் பதினைந்து நாள் இருப்பதாக எழுதியிருக்கிறாய். கல்சட்டி பழகப் பத்து நாளாவது பிடிக்கும். ஆகவே வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் வாங்கிவிடு. கஞ்சி ஊற்றும் பக்குவத்தில் சந்தேகம் இருந்தால் உன் அம்மாவைக் கேள். அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

இப்படிக்கு,
உன் பிரியமுள்ள மாமா