படம் எடுக்கக் கிட்டப் போகாதேயும், மருமகன்

அன்புள்ள மருமகனுக்கு,

உம்முடைய கேள்வி கிடைத்தது. "மாமா, ஆபத்தான வயரைக் கண்டால் சனம் போனில் படம் எடுத்து மின்சார சபைக்கு அனுப்பலாம். அதுக்கு ஒரு அப் இருந்தால் போதாதோ? அதுக்கும் ஆணைக்குழு, ஒழுங்குவிதி, வர்த்தமானி எண்டு ஏன் நிக்கிறியள்?" என்று எழுதியிருக்கிறீர். கொம்பியூட்டர் படிக்கிற பிள்ளை அப்படித்தான் கேட்கும். அனுப்புகிற பொத்தான் வேலை செய்தால் எல்லாம் வேலை செய்துவிடும் என்பது உங்கள் படிப்பின் நம்பிக்கை. நயினாதீவில் பிறந்து வளர்ந்த பிள்ளை இதைக் கேட்டதுதான் எனக்குக் கோபம்.

கோபத்தோடு கோபமாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வயர் அறுந்து நிலத்தில் கிடந்தால் படம் எடுக்கக் கிட்டப் போகாதேயும். "விழுந்தவுடனே பியூஸ் போயிருக்கும்தானே" என்பீர். போயிருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. எங்கள் தீவுகளில் தரை காய்ந்த மணலும் கல்லும். நெடுந்தீவில் கேட்கவே வேண்டாம், முருகைக்கல். அப்படிப்பட்ட தரையில் வயர் விழுந்தால் நிலத்துக்குள் இறங்குகிற மின்சாரம் பியூசை எரிக்கிற அளவுக்குக் காணாது. வயர் செத்த பாம்புபோலக் கிடக்கும். உள்ளே உயிர் இருக்கும். அது 11,000 வோல்ட் லைன் என்றால் தொடக்கூடத் தேவையில்லை. சுற்றியுள்ள தரையிலேயே மின்னழுத்தம் பரவி, நீர் எடுத்து வைக்கிற இரண்டு கால்களுக்கும் இடையில் உள்ள வித்தியாசமே ஆளை விழுத்திவிடும். பத்து மீற்றர் தள்ளி நின்று, வருகிற சனத்தையும் ஆட்டையும் மாட்டையும் மறித்துக்கொண்டு மின்சார சபையின் 1987 இலக்கத்துக்கு அடியும். படம், அப், பேஸ்புக் எல்லாம் பிறகு.

இப்போது உம்முடைய கேள்விக்குப் பாதிப் பதில் வந்துவிட்டது, கவனித்தீரோ? படம் சேர்க்காவிட்டால் முறைப்பாட்டை ஏற்காத ஒரு அப்பை யாராவது செய்தால், அந்த அப்பே ஆளைக் கொல்லும். படம் கட்டாயமில்லை, திறந்தவுடன் முதல் வரியிலேயே "கிட்டப் போகாதீர்கள்" என்று இருக்க வேண்டும் என்பதை மென்பொருள் எழுதுகிற பொடியனின் நல்ல மனசுக்கு விட்டுவிடலாமோ? அதற்குத்தான் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு. 2002ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தால் பிறந்தது. மின்கட்டணம் ஏறும்போது மட்டும் பத்திரிகையில் அதன் பெயரைப் பார்க்கிறீர். மின்சாரத்தால் சனத்துக்கு ஆபத்து வராமல் பார்ப்பதும் அதன் வேலைதான்.

அடுத்தது இடம். வீட்டில் கரண்ட் இல்லையென்றால் பில்லில் இருக்கிற பத்து இலக்கக் கணக்கு எண்ணைச் சொன்னால் வீடு தெரிந்துவிடும். பனங்கூடலுக்குள் தொங்குகிற வயருக்குக் கணக்கு எண் ஏது? வரைபடத்தில் புள்ளி வைக்கலாம் என்பீர். சிக்னல் ஒரு கோடு வந்து போகிற இடத்தில் வையும் பார்ப்போம், அது கடலுக்குள் போய் நிற்கும். எங்கள் சனம் இடம் சொல்வது வட்டாரம், கோயில், கிணறு, இன்னாருடைய வளவு என்று. அதைத் தமிழில் எழுதினால் வாசிக்கத் தெரிந்த ஒருவர் மறுமுனையில் இருக்க வேண்டும். 1988இல் வந்த பதினாறாம் திருத்தத்தின்படி வடக்கு கிழக்கில் நிர்வாக மொழி தமிழ். அப்பின் பொத்தான்களைத் தமிழாக்கிவிட்டு முறைப்பாட்டை வாசிக்க ஆளில்லாமல் விட்டால் அந்தத் திருத்தம் நிறைவேறியதாகாது. சிக்னல் இல்லாத நேரம் எழுதியதைச் சேமித்து வைத்துப் பிறகு தானாக அனுப்புகிற வசதியும், சாதாரணக் குறுஞ்செய்தி வழியும் இருக்க வேண்டும். உம்முடைய அப்பாச்சியிடம் ஸ்மார்ட் போன் இல்லை. வேலியோரத்துப் போஸ்டைத் தினமும் பார்க்கிறவ அவதான்.

எல்லாவற்றிலும் பெரிய விஷயம் நேரம். இதில் கொஞ்சம் நிற்கிறேன், பொறுத்துக்கொள்ளும். ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு எல்லாம் தரைவழி உள்ள இடங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வாகனம் வரும். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் நாட்டின் மின்வலையமைப்போடு சேராதவை. அங்கங்கே டீசல் இஞ்சின் வைத்து அங்கங்கே கரண்ட். குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் படகிலே ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். சோளகம் கடுமையாக அடித்தால் அதுவும் இல்லை. கொழும்பில் இருந்து எழுதுகிற விதியில் "முறைப்பாடு கிடைத்து இத்தனை மணித்தியாலத்துக்குள் திருத்த வேண்டும்" என்று ஒரே ஒரு கெடு வைத்தால் என்ன நடக்கும்? தீவென்றால் விதிவிலக்கு என்று ஒரு வரி சேர்ப்பார்கள். அதோடு சரி.

ஆகவே இரண்டு கெடு வேண்டும் என்கிறேன். கரண்டை நிற்பாட்டி இடத்தைப் பாதுகாப்பாக்க ஒரு கெடு. போஸ்டும் வயரும் ஆளும் வந்து திருத்த இன்னொரு கெடு. இரண்டாவதற்குக் கடல் காரணம் சொல்லலாம். முதலாவதற்குச் சொல்ல முடியாது. ஏனென்றால் அந்தத் தீவின் சுவிட்ச் அந்தத் தீவிலேயே இருக்கிறது. முறைப்பாடு கொழும்புக்குப் போய்ச் சுற்றிக்கொண்டிருக்கும்போதே தீவிலுள்ள பவர் ஹவுசில் மணி அடிக்க வேண்டும். இதை விதியிலே எழுதினால்தான் நடக்கும்.

பவர் ஹவுஸ் என்றதும் நினைவுக்கு வருகிறது. இஞ்சின் சத்தம் நின்றால் லைனில் கரண்ட் இல்லை என்று கணக்குப் போடுகிற பழக்கம் உமக்கும் இருக்கும். அதை மறந்துவிடும். இந்த மூன்று தீவுகளுக்கும் கலப்பு மின்திட்டம் வருகிறது. முதலில் ஒரு சீனக் கம்பனிக்குக் கொடுத்து, இந்தியா முகம் சுழித்து, கடைசியில் இந்திய நன்கொடையாக மாறிய அதே திட்டம்தான். 2024 மார்ச்சில் பெங்களூர்க் கம்பனி ஒன்றோடு ஒப்பந்தம் வைத்தார்கள்: சூரிய ஒளியில் 1,700 கிலோவாட், காற்றில் 530, மின்கலத்தில் 2,400 கிலோவாட் மணி, உதவிக்கு 2,500 கிலோவாட் டீசல். சீனாவா இந்தியாவா என்று பத்தி எழுத்தாளர்கள் சண்டை பிடித்தார்களே தவிர, மின்கலத்திலிருந்து வருகிற கரண்டுக்குச் சத்தம் இல்லை என்று தீவுச் சனத்துக்குச் சொல்ல எவருக்கும் தோன்றவில்லை.

"சரி மாமா, பொடியள் விளையாட்டுக்குப் பொய் முறைப்பாடு அனுப்புவாங்களே" என்பீர். அனுப்புவார்கள். அதற்காகப் பெயர், அடையாள அட்டை, கணக்கு எண் எல்லாம் கேட்டால், பொய்க்காரர் பொய் இலக்கம் கொடுப்பார். உண்மைக்காரர் அலுத்துப்போய் விட்டுவிடுவார். ஒரு தொலைபேசி இலக்கம் போதும், திருப்பி எடுத்துக் கேட்கலாம். அந்த இலக்கத்தையும் படத்தோடு ஊருக்குக் காட்டக்கூடாது. 2022இல் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கென்று 9ஆம் இலக்கச் சட்டம் வந்திருக்கிறது. ஆபத்து எங்கே என்பதை எல்லோரும் பார்க்கட்டும். சொன்னவர் யார் என்பதைச் சபையும் ஆணைக்குழுவும் மட்டும் வைத்திருக்கட்டும்.

"அனுப்பியும் 'தீர்க்கப்பட்டது' எண்டு சும்மா மூடிவிட்டால்?" இதைத்தான் நீர் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும், கெட்டிக்காரன்! முறைப்பாடு ஒன்று பதிவானால், "எங்களுக்குத் தெரியாது" என்று பிறகு எந்த நிறுவனமும் சொல்ல முடியாது. மரண விசாரணையில் முதல் கேள்வியே அதுதான்: எப்போது தெரியவந்தது? பதில் அந்த நிறுவனத்தின் கொம்பியூட்டரில் மட்டும் இருந்தால், குற்றம் சாட்டப்படுகிறவரின் கையிலேயே சாட்சியையும் கொடுத்த மாதிரி. முறைப்பாடு வந்த அதே நிமிடம் ஒரு பிரதி ஆணைக்குழுவுக்கும் போக வேண்டும். மூடும்போது திருத்திய படம் வேண்டும், முறைப்பாட்டாளரின் சம்மதமும் வேண்டும். அவர் மறுத்தால் மேலே ஒருவர் பார்க்க வேண்டும். 2024இன் மின்சாரச் சட்டம் சபையைப் பல கம்பனிகளாகப் பிரிக்கச் சொன்னது. "அது எங்கட லைன் இல்லை" என்ற பதில் இனி இன்னும் சுலபமாக வரும். அதனால் இந்த நேரத்தில் இதை எழுதிக்கொள்வது நல்லது.

ஆனால் ஒன்றில் ஏமாந்துவிடாதேயும். கலிபோர்னியாவில் 2018 நவம்பரில் பரடைஸ் என்ற ஊர் எரிந்து 85 பேர் செத்தார்கள். பசிபிக் காஸ் அன்ட் எலெக்ட்ரிக் என்ற கம்பனியின் கோபுரத்தில், ஏறக்குறைய நூறு வருடம் தேய்ந்த ஒரு இரும்புக் கொக்கி அறுந்ததுதான் தொடக்கம். 2020இல் கம்பனி 84 மரணங்களுக்குக் குற்றத்தை ஒப்புக்கொண்டது. சனம் படம் அனுப்புகிற அப் ஒன்றை அந்தக் கம்பனியும் வைத்திருக்கிறது. அதை அந்த மாநிலத்து ஆணைக்குழு ஆராயாமல் விடவில்லை. ஆனால் பள்ளத்தாக்கிலே உயரத்தில் தொங்கிய அந்தக் கொக்கியை எந்த வழிப்போக்கர் படம் எடுத்திருப்பார்? அப் வந்துவிட்டது, இனிச் சனமே பார்த்துச் சொல்லட்டும் என்று லைன் பரிசோதனையைக் குறைத்தால் அது ஏமாற்று. எங்கள் தீவிலோ கண்ணுக்குத் தெரிவதையே சொல்லமாட்டோம். உப்புக்காற்று போஸ்டில் வயரைத் தாங்குகிற பீங்கானில் படிந்து, மாசிப் பனியில் நனைந்து, இரவில் சர்ரென்று நீலப் பொறி பறக்கும். "அது எப்பவும் அப்படித்தான்" என்று சொல்லிக்கொண்டு படுக்கப் போகிற சனம் நாங்கள். நீர் உட்பட.

ஆணைக்குழு பொதுமக்களின் கருத்தைக் கேட்கிற வழக்கம் உள்ளது, எழுத்திலும் வாங்கும். இரண்டு கெடு, பவர் ஹவுஸ் மணி, ஆணைக்குழுவுக்குப் பிரதி, இந்த மூன்றையும் தமிழிலேயே எழுதும். வரைவை முதலில் எனக்கு அனுப்பும். "மேற்படி விடயம் தொடர்பாகத் தங்களின் மேலான கவனத்திற்கு" என்று தொடங்கியிருந்தால் வாசிக்காமலே திருப்பி அனுப்புவேன்.

அன்புடன்,
மாமா